மண் யார் பெயரில் இருக்கிறது?

(பதுளை மாவட்டத்து எல்லயில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீடு வாங்குவதிலும் விற்பதிலும் சட்டம் என்ன சொல்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எல்லயில் நின்று இதைப் பேசுவது லேசு. உதாரணம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி டவுன் பக்கம் நடந்தால் இரண்டு புறமும் கெஸ்ட் ஹவுஸ். அந்தக் காணிகளுக்குப் பேர்ச் கணக்கில் விலை பேசுகிறார்கள். ஒரு குடும்பம் நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்தால், அந்த நிமிடமே கொழும்புக்காரர் ஒருவர் சொந்தக்காரராகிவிடுகிறார். அதே ஊரில், ஒன்பது வளைவுப் பாலத்துப் பக்கம் தேயிலைக்குள் இறங்குங்கள். அங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயம். நாலு தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள். கூரைத் தகரம் அவர்கள் வாங்கிப் போட்டது. சுவருக்குச் சீமெந்து அவர்கள் பூசியது. இஸ்தோப்பை அடைத்து மகளுக்கு அறையாக்கியதும் அவர்கள்தான். அந்த வீட்டை அவர்களால் விற்க முடியாது.

காசில்லாத காரணம் அல்ல இது. காசு கொடுத்து வாங்க ஆள் தயாராக இருந்தாலும் முடியாது.

நம் நாட்டில் காணி விஷயத்தில் இன்றைக்கும் அடியில் ஓடுவது ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி மண்ணில் நிலையாகக் கட்டியது எதுவும் மண்ணுக்குச் சொந்தம். மண் யாருடையதோ, சுவரும் கூரையும் அவருடையவை. நல்லெண்ணத்தோடு கட்டியவர் செலவுக்கு நட்டஈடு கேட்கச் சில சந்தர்ப்பங்களில் வழியுண்டு. ஆனால் வீட்டை மட்டும் தனியே பிரித்து விற்கிற உரிமை அதனால் வந்துவிடாது. ஆகவே "வீடு விற்பனைக்கு" என்று போர்டு பார்த்தால், விற்பனைக்கு இருப்பது மண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாடி வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுத வேறு சட்டம் இருக்கிறது. அது கொழும்புக் கதை. இந்த மலையில் அதற்கு வேலை குறைவு.

இனி 1840க்குப் போவோம். அந்த ஒரே ஆண்டில் ஆங்கிலேய அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது. 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மோசடி தடுப்புச் சட்டம். காணியை விற்பதோ, ஈடு வைப்பதோ, விற்பேன் என்று உடன்படுவதோ எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் கூட இருந்து கையெழுத்தாக வேண்டும், இல்லையென்றால் செல்லாது என்றது அது. 12ஆம் இலக்கச் சட்டம் முடிக்குரிய காணிகளைப் பற்றியது. காடு, தரிசு, சேனை நிலங்கள் எல்லாம் மறுதலையாக நிரூபிக்கும் வரை அரசுடையவை என்றது. கண்டி இராச்சியத்துப் பகுதிகளில், அதாவது இந்த ஊவாவில், அரசர் கொடுத்த சன்னஸ் பத்திரமோ வரி கட்டிய ஆதாரமோ காட்டாதவரின் மேட்டு நிலம் கைவிட்டுப் போனது. போன நிலம் கோப்பித் தோட்டமானது. அந்தத் தோட்டத்துக்குத்தான் நம் முப்பாட்டன்மார் தலைமன்னாரிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்தார்கள். சிங்களக் கிராமத்தவர் கையிலிருந்து எழுத்தில்லாத காரணத்தால் நிலம் போயிற்று. எழுத்தில்லாத காரணத்தாலேயே வந்தவர்கள் கைக்கும் அது வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மலையகக் காணிப் பிரச்சினையைப் பேசுகிறவர்கள் பாதிக் கதைதான் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

7ஆம் இலக்கச் சட்டம் 185 வருடமாகியும் நடைமுறையில் இருக்கிறது. அதை மறந்தவர்கள் எழுதிய தாள்கள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். மேலே பிள்ளையார் சுழி. "எங்க காம்பராவையும் குசினியையும் முன்னால உள்ள மரக்கறித் தோட்டத்தையும் கோழிக்கூட்டையும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கோ என் பிள்ளைகளுக்கோ பாத்தியதை இல்லை" என்று ஊதா மையில் எழுதியிருந்தது. தொகை எழுத்திலும் இலக்கத்திலும். கீழே முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. சாட்சி, தோட்டத் தலைவர். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர் எழுதிக் கொடுத்தது. எழுதியவரிடம் கள்ளம் இல்லை. வாங்கியவரும் பேசிய காசை ஒரு சதம் குறையாமல் கொடுத்திருக்கிறார். ஆனால் விற்றவருக்கு அந்த மண் சொந்தமில்லை, எழுதியது நொத்தாரிசும் இல்லை. ஒரு ஓட்டை போதாதென்று இரண்டு ஓட்டை. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாமே தவிர, காம்பராவைக் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

லயத்தில் இருப்பவரைத் தோட்டம் நினைத்த நேரத்தில் வெளியே போடவும் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புச் சட்டம் அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும் என்கிறது. அது இருக்கிற உரிமை. விற்கிற உரிமை வேறு.

இனி, உறுதி உள்ள காணியை முறையாக வாங்குவது எப்படி என்று பார்ப்போம். பண்டாரவளைப் பக்கம் ஒரு பத்துப் பேர்ச் காணியும் சிறிய வீடும் 50 இலட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசோடு வீட்டுக்காரரிடம் ஓடாதீர்கள். முதலில் உறுதிப் பிரதியை வாங்கி உங்கள் நொத்தாரிசிடம் கொடுங்கள். உங்கள் நொத்தாரிசு என்றேன். விற்கிறவர் கூட்டிவருகிற நொத்தாரிசு அல்ல. அவர் பதுளைக் காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டுவார். வழக்கமாக முப்பது வருடத்துக் கைமாற்றங்களைப் பார்ப்பார்கள். யார் யாருக்கு விற்றார், ஈடு இருக்கிறதா, கேவியட் போட்டிருக்கிறார்களா, வழக்கு பதிந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் தெரியும். நில அளவையாளரின் படத்தையும் மண்ணையும் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். பழைய உறுதிகளில் "கிழக்கே ஓடை, தெற்கே பலாமரம், மேற்கே தோட்டத்து வேலி" என்று எல்லை எழுதியிருக்கும். பலாமரம் விழுந்து முப்பது வருடமாகியிருக்கும். ஓடை மழைக்கு மழை இடம் மாறியிருக்கும். புதுப் படம் கீறாமல் வாங்கினால் பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடுதான் குடித்தனம்.

முற்பணம் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த விற்பனை உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால்தான். சாதாரணத் தாளில் "முற்பணம் பெற்றேன்" என்று வாங்கி வைத்தால், நாளைக்கு அவர் வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கொடுத்துவிட்டாரென்றால், காணியைத் தரச் சொல்லி அவரை வற்புறுத்த முடியாது. எல்லயில் விலை ஏறுகிற வேகத்தில் இது நடக்காது என்று நம்பாதீர்கள்.

உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு விற்பவரை நேரில் அறிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு சாட்சிகளும் அவரை அறிந்திருக்க வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிற விதி இது. ஆள்மாறாட்டம் நடக்கிற இடமே இதுதான். வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. நம் பக்கத்தில் உறுதிகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. "தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல, அம்மா. கேட்க வெட்கப்பட்டுக் கைநாட்டு வைக்காதீர்கள். வாங்குபவராகக் கையெழுத்து வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

முத்திரைத் தீர்வை மாகாண சபைக்குப் போகிறது. முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சம் என்றால் 1,99,000 ரூபாய். அதைக் குறைக்க உறுதியில் 10 இலட்சம் என்று போடச் சொல்வார்கள். தீர்வை பார்ப்பது உறுதியில் போட்ட தொகையை அல்ல, காணியின் பெறுமதியை. மதிப்பீடு கூடினால் மிச்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். 2018 ஏப்ரல் முதல் விற்கிறவருக்கு மூலதன ஈட்டு வரியும் உண்டு என்பதால் அவருக்கும் இந்த ஆசை வரும். வழக்கென்று வந்தால் நீங்கள் 10 இலட்சம்தான் கொடுத்தீர்கள் என்று உங்கள் உறுதியே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

உறுதி மூன்று பிரதி. ஒன்று உங்களுக்கு, ஒன்று நொத்தாரிசின் கோவைக்கு, ஒன்று அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் பதிவகத்துக்கு. அந்த 15ஆம் திகதி வரைகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே பதிவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தில் 7ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், மோசடியோ கூட்டுச் சதியோ இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவர் ஜெயிப்பார். முதலில் வாங்கியவர் உறுதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இது எந்த ஊருக்கும் பொதுவான வழி. எல்லக்கென்று சில கண்ணிகள் தனியாக உண்டு.

ஒன்று கண்டியச் சட்டம். இங்கே கிராமத்துக் காணிகள் பலவும் கண்டியச் சிங்களக் குடும்பங்களுடையவை. தகப்பன் மகனுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருப்பார், மகன் உங்களுக்கு விற்பான். அது பழைய உறுதியென்றால், 1938ஆம் ஆண்டின் கண்டியச் சட்டப்படி, நன்கொடையை இரத்துச் செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக அந்த உறுதியிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால், சில விதிவிலக்குகள் தவிர, தகப்பன் உயிரோடிருக்கும் வரை இரத்துச் செய்யலாம். அவர் அப்படிச் செய்தால் நீங்கள் வாங்கியது கேள்விக்குறி. அந்த உறுதியை வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

இன்னொன்று அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி கொடுத்த அனுமதிப்பத்திரமும் அளிப்பும் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஸ்வர்ணபூமி, ஜயபூமி என்று பெயர் மாறி மாறி வந்தவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி மாற்றினால் அந்த மாற்றம் செல்லாது. 2024இல் தொடங்கிய உறுமய திட்டம் இவற்றை முழு உரிமையாக்கித் தருவதாகச் சொன்னது. கையில் இருப்பது எந்தப் பத்திரம் என்று பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. பத்து வருடம் குடியிருந்தால் சொந்தமாகும் என்று டீக்கடையில் சொல்வார்கள். தனியார் காணியில், உரியவருக்கு எதிராக இடையூறின்றி ஆண்டனுபவித்தால் அந்த வாதம் எடுபடும். அரச காணிக்கு அது பலிக்காது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி அரசு வழக்கெடுத்தால், எழுத்தில் செல்லுபடியான அனுமதி கையில் இருக்கிறதா என்பது ஒன்றே மாஜிஸ்திரேட் கேட்கிற கேள்வி.

வெளிநாட்டுக்காரர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாறுவதைத் தடுக்கிறது. பாதிக்கோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிகளுக்கும் தடை. குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் உள்ளூர்ப் பையன் ஒருவன் பெயரில் காணியை வாங்கிவிட்டு உள்ளுக்குள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைக்கிற வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. தம்பிமாரே, பெயர் கொடுக்கிறவன் மாட்டுவது முதலில். வரிக் கடிதம் அவன் பெயருக்கு வரும், வழக்கும் அவன் பெயரில் வரும். கனடாவில் குடியுரிமை எடுத்த உங்கள் அண்ணனும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். அம்மா அப்பாவிடமிருந்து முதிசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்குத் தடையில்லை.

இந்தக் கண்ணிகளில் கடைசி மலைச்சரிவு, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்டது. இந்த மாவட்டத்தில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு தேவை. காட்சி நன்றாக இருக்கிறது என்று சரிவின் நெற்றியில் காணி வாங்குகிறவர்கள் அந்தக் கடிதத்தைக் கேட்பதே இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்து என்ன நடந்தது என்று இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை மாற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் அந்த நிறுவனம் எச்சரித்திருந்தது. மாறிப் போக அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் மண்கூட வேறெங்கும் இல்லை. லயத்தோடு பலர் புதைந்த பிறகுதான் எஞ்சியவர்களுக்கு மக்கல்தெனியவில் வீடு வந்தது.

இப்போது தோட்டத்து மண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்போம். 1972 காணிச் சீர்திருத்தம் 50 ஏக்கருக்கு மேல் தனியாரிடம் இருந்ததை எடுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசு கைக்கு வந்தன. ஜனவசம என்றும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் இரண்டு நிறுவனங்கள் நடத்தின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 53 வருடக் குத்தகை. அது 2045இல் முடியும். ஆக, மண் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, வியர்வை நம்முடையது. தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு வீட்டுக்கென்று ஏழு பேர்ச் கொடுக்க வேண்டுமென்றால் கம்பனி விட்டுக்கொடுக்க வேண்டும், அமைச்சு சம்மதிக்க வேண்டும், அளவை நடக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் கோப்பு ஒரு வருடம் தூங்கும்.

வெளியில் வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1948இல் நம் மக்களின் குடியுரிமை போனது. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், பிரசை அல்லாதவர் பெயருக்குக் காணி மாறினால் அதன் பெறுமதிக்குச் சமமான வரி என்றது. சிறுகச் சிறுகச் சேர்த்துப் பண்டாரவளையில் ஒரு துண்டு வாங்க நினைத்த நாடற்ற தொழிலாளி ஒரே காணிக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். குடியுரிமைப் பிரச்சினை 2003இல் வந்த சட்டத்தோடு ஒருவழியாகத் தீர்ந்தது. அதற்குள் காணி விலை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அதனால்தான் ஏழு பேர்ச் பெரிய விஷயம். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று திட்டங்கள் வந்தன. பல இடங்களில் சாவி முதலில் வந்தது, உறுதி பின்னால் வரும் என்றார்கள். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி வீட்டுரிமைப் பத்திரங்களைக் கையளித்தபோது, கொடுத்தது காணி உறுதியா, வீடு தருவோம் என்ற பத்திரமா என்று உடனே சர்ச்சை கிளம்பியது. அரசியலை அரசியல்வாதிகள் பேசட்டும். கையில் உள்ள தாளைப் பாருங்கள். நில அளவைப் படத்தின் இலக்கமும் துண்டு இலக்கமும் அதில் இருக்கிறதா? காணிப் பதிவகத்தில் பதிந்த இலக்கமும் திகதியும் இருக்கிறதா? வங்கிக்குக் கொண்டுபோனால் ஈடாக எடுத்துக்கொள்வார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது உறுதி. இல்லையென்றால் அது வாழ்த்து மடல், சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

இதில் ஒரு வாதம் நம்மவர்களுக்குள்ளேயே உண்டு. விற்கிற உரிமையோடு கொடுத்தால் எல்லயில் ஏழு பேர்ச்சும் ஒரே வருடத்தில் ஹோட்டல்காரர் கைக்குப் போய்விடும், ஆகவே விற்க முடியாதபடி கொடுங்கள் என்கிறார்கள். பயம் நியாயம்தான். பாலத்துப் பக்கத்து ஏழு பேர்ச்சுக்கு வெளியாள் சொல்லக்கூடிய தொகை, கொழுந்து பறிக்கிற குடும்பத்தைத் தலைசுற்ற வைக்கும். ஆனால் விற்க முடியாத காணியை ஈடு வைக்கவும் முடியாது, வங்கிக் கடன் எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கவும் முடியாது, பதுளைக்கு வேலை மாறினால் அங்கே வீடு வாங்கவும் முடியாது. டவுனில் காணி வைத்திருப்பவர் விற்றுக் கெட்டுப்போவாரே என்று யாரும் சட்டம் போடவில்லை. நம்மை மட்டும் ஏன் மைனர் பிள்ளை மாதிரி நடத்த வேண்டும்? ஐந்து வருடம் விற்கத் தடை போடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நிரந்தரத் தடை போட்டால் அது லயத்துக்கு இன்னொரு பெயர்.

கடைசியாக, பெயர் விஷயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதிக் கணக்கில் கிளாக்கர் எழுதிய மூன்றாவது, சிங்கள உறுதியில் நாலாவது. இதை உறுதி எழுதும் முன் சரிப்படுத்துங்கள். எழுதிய பிறகு திருத்த வேறு உறுதி எழுத வேண்டும், அதற்கு வேறு செலவு. யார் பெயரில் எழுதுவது என்று கேட்டால் வழக்கமாகக் குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரைச் சொல்கிறோம். வீட்டுக் கடனைப் பெண்ணின் செக்ரோல் சம்பளத்திலும் வெட்டினார்கள், அதை யாரும் மறந்துவிட வேண்டாம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் ஆளுக்குப் பாதி என்று எழுதச் சொல்லுங்கள். வடக்குத் தமிழருக்கான தேசவழமைச் சட்டம் நம்மவர்களுக்குக் கிடையாது, பொதுச் சட்டம்தான். பெண் தன் பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ யாருடைய சம்மதமும் கேட்கத் தேவையில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பாதியில் பாதி மனைவிக்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. அப்படி எழுதியிருந்தால் வீட்டில் முக்கால் பங்கு அம்மாவுக்கு இருக்கும், அவரை வெளியே போகச் சொல்ல எந்த மகனாலும் முடியாது.

உறுதியோ, அனுமதிப்பத்திரமோ, கொப்பித் தாளோ கொண்டுவந்தவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. முன்னால் மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.